திரேசம்மா ஒப்புக்கொடுத்த வலி

எனக்கு எழுதி வராது. இதை முதலிலேயே சொல்லி மன்னிப்பும் கேட்டுவிடுகிறேன். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். நாலு பேர் இருக்கும் அறையில் வாய் திறக்க இன்றைக்கும் கூச்சம். முதுகு ஒத்துழைக்காமல் போய் இந்த நோயாளர் விடுதியில் நான் வேலையை விட்டபோது, புதிதாக வரும் பிள்ளைகளுக்கு ஏதாவது சொல்லுங்கள் என்று விடுதியை நடத்தும் கன்னியாஸ்திரி, இப்போதைய பொறுப்புச் சகோதரி கேட்டார். எல்லாருக்கும் முன்னால் நின்று பேசச் சொன்னால் எனக்குக் காய்ச்சல் வந்துவிடும், எழுதித் தருகிறேன் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். எழுத உட்கார்ந்த பிறகுதான், பேசுவதே சுலபமாக இருந்திருக்கும் என்று தெரிகிறது. இறையியல் படித்தவர்கள் சொல்ல வேண்டிய விஷயத்தில் நான் கை வைக்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நோயாளியைப் புரட்டுவது, புண்ணைத் துடைப்பது, விரிப்பை மாற்றுவது எல்லாம் உங்களுக்குப் பயிற்சியில் சொல்லித் தந்திருப்பார்கள். என்னைவிட நன்றாகவே செய்வீர்கள். அதைப் பற்றி நான் எழுதவில்லை. ஒரு நோயாளி உங்கள் முகத்தைப் பார்த்து, “ஆண்டவர் ஏன் எனக்கு இதைத் தந்தவர்?” என்று கேட்பார். அன்றைக்கு என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. எனக்கும் பதில் தெரியாது. ஒரு நோயாளியிடம் நான் கண்டதை மட்டும் சொல்கிறேன்.

அதற்கு முன் சின்னதாக ஒன்று. கொழும்பில் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்தில் எங்கள் வெள்ளவத்தை வீடு எரிந்தபோது நான் சின்னப் பெண். ஒரு பாடசாலையில் தங்கியிருந்தோம். உடுத்த உடுப்பைத் தவிர ஒன்றும் இல்லை. எங்களைப் பார்க்க வந்த ஒரு அம்மா, நல்ல மனது உள்ளவர்தான், ஆண்டவர் தாம் நேசிக்கிறவர்களைத்தான் சோதிக்கிறார் என்று என் தாயின் கையைப் பிடித்துச் சொன்னார். என் தாய் சாப்பிட்டுக்கொண்டிருந்த சோற்றுக் கோப்பையைக் கீழே வைத்தார். அன்றைக்கு அதன் பிறகு அவர் சாப்பிடவில்லை. வந்தவர் சொன்னது பொய் என்று என் தாய் ஒருநாளும் சொன்னதில்லை. பல வருடம் கழித்து அவரே அதைத் தன் வாயால் சொன்னதுண்டு. ஆனால் அன்றைக்கு, வேறு ஒருவர் வாயிலிருந்து வந்தபோது, சோறு இறங்கவில்லை. இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து அந்தக் கோப்பை எனக்கு ஞாபகத்தில் இருக்கிறது.

இனித் திரேசம்மாவுக்கு வருகிறேன்.

யுத்த காலத்தில் கொட்டாஞ்சேனையில் உள்ள நம்முடைய இந்த விடுதி எப்போதும் நிரம்பியிருக்கும். வடக்கிலிருந்து புற்றுநோய்க்கு மருந்தெடுக்க வருகிறவர்களுக்குக் கொழும்பில் தங்க வேறு இடம் இல்லை. லொட்ஜ்களில் இடம் கிடைத்தாலும் நோயாளி என்றால் தயங்குவார்கள். அனுமதி எடுத்து, சோதனைச் சாவடிகளில் ஏறி இறங்கி வந்து சேரும்போதே பாதி உயிர் போயிருக்கும். திரேசம்மா மன்னார்ப் பக்கம். கணவர் கடலில் போனவர், திரும்பவில்லை. நோய் எலும்புக்குப் போய்விட்டது. குணப்படுத்த ஒன்றும் இல்லை, வலியைக் குறைக்கத்தான் பார்க்கலாம் என்று டொக்டர் சொல்லியிருந்தார். அது அவருக்கும் தெரியும். துணைக்கு வந்தவன் ஒரே மகன் அன்ரன், பள்ளிக்கூடம் முடித்துச் சில காலம்தான் ஆகியிருந்தது. தாயின் தலையை எண்ணெய் வைத்துச் சீவிப் பின்னி விடுவான். மற்ற நோயாளிகள் கேலி செய்வார்கள். “எனக்கும் ஒரு பின்னல் போட்டு விடு மகன்” என்று, முடி முழுவதும் கொட்டிப்போன ஒரு அம்மா தலையைத் தடவிக் காட்டுவார். அவனும் சும்மா விரலை அசைத்துப் பின்னுவது போலச் செய்வான்.

தவக்காலம் தொடங்கிய வாரத்தில் அவன் தாய்க்குத் தோடம்பழம் வாங்கக் கடைக்குப் போனான். அந்த நேரம் பார்த்துப் பொலிஸ் சுற்றிவளைப்பு. அடையாள அட்டையும் பொலிஸ் பதிவும் சட்டைப் பையிலேயே இருந்தன. மன்னார் விலாசம் என்றதும் சந்தேகத்தில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

அன்றைய பொறுப்புச் சகோதரி அப்போது தூரத்தில் ஒரு தியானத்துக்குப் போயிருந்தார். அவர் வரும்வரை விடுதி என் பொறுப்பு. எனக்குத் தெரிந்த சிங்களத்தை வைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். அங்கே இருந்தவர் மேலே பார்க்காமல் “ஹெட்ட எண்ட” என்றார், நாளைக்கு வா என்று. மறுநாள் போனபோதும் அதையே சொன்னார். பிறகு ஒருநாள், அவனை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள், எங்கே என்று சொல்ல முடியாது என்றார்கள். பங்குத் தந்தையும் தன்னால் முடிந்ததைச் செய்தார். ஒன்றும் நடக்கவில்லை.

நான் வந்து சொன்னதைத் திரேசம்மா கேட்டுக்கொண்டார். அழவில்லை. மாலையில் நான் வழக்கம் போல வலி மருந்தைக் கரண்டியில் ஊற்றிக்கொண்டு போனேன். கையை மெல்லத் தள்ளிவிட்டார்.

“தங்கச்சி, இனி இது வேண்டாம். பெடியன் வெளியிலை வருமட்டும் இந்த வலியை அவனுக்காக ஒப்புக்குடுத்திட்டன்.”

கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு இது விளங்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நமக்கு வருகிற துன்பத்தை, இன்னாருக்காக என்று ஆண்டவரிடம் காணிக்கையாகக் கொடுப்பது எங்களிடம் உள்ள வழக்கம். பல்லுக்கொதி வந்தாலும் இதை ஒப்புக்கொடு என்றுதான் எங்களுக்குச் சின்ன வயதில் சொல்வார்கள். நானும் ஒப்புக்கொடுத்திருக்கிறேன். ஆனால் இப்படி ஒருவர், தீர்க்கக்கூடிய வலியைத் தீர்க்க வேண்டாம் என்று இறுக்கிப் பிடித்துக்கொண்டதை நான் பார்த்ததில்லை. மருந்து குடித்தால் காணிக்கை முறிந்துவிடும், முறிந்தால் மகன் வரமாட்டான். அவர் மனதில் கணக்கு அப்படித்தான் இருந்தது.

எலும்பில் வருகிற வலி எப்படி என்று உங்களுக்குப் போகப் போகத் தெரியும். விரிப்பு உரசினாலே துடிப்பார். சாப்பாடு நின்றது. உதட்டைக் கடித்துக் கடித்து உதடு புண்ணானது. பக்கத்துக் கட்டில்காரர்கள் காதைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். டொக்டர், நோய் கொல்லுவதற்கு முதல் இந்த வலி கொன்றுவிடும், எப்படியாவது குடிக்க வையுங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியிடம் போய்விட்டார்.

பங்குத் தந்தையைக் கூட்டிக்கொண்டு வந்தேன். அவர் சொன்னால் கேட்பார் என்று எனக்கு நிச்சயமாக இருந்தது. திருச்சபை இப்படி ஒன்றையும் உங்களிடம் கேட்கவில்லை அம்மா என்று அவர் அன்பாகத்தான் எடுத்துச் சொன்னார். திரேசம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு,

“சுவாமி, தவக்காலத்திலை நீங்கள் மச்சமாமிசம் சாப்பிடுறேல்லைத்தானே. ஏன் எண்டு நான் கேட்டனானோ?” என்றார்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தலையில் கை வைத்து ஆசீர்வதித்துவிட்டு வெளியே வந்தவர் சிரிக்கவில்லை. “நான் கட்டளை போட்டாக் குடிப்பா. ஆனா பெடியன் வராட்டி, நாங்கள்தான் தடுத்தது எண்டு நினைச்சுக்கொண்டு சாவா. உங்களால ஏலுமெண்டாப் பாருங்கோ” என்று சொல்லிவிட்டுப் போனார். என்னால் என்ன ஏலும்? பேசத் தெரிந்தவரே விட்டுவிட்டுப் போன இடத்தில் பேசத் தெரியாத நான் நின்றேன்.

அடுத்து வந்ததுதான் நான் உங்களுக்குச் சொல்ல வந்ததில் முக்கியமான இடம். எங்கள் சமையற்காரி லெட்சுமி ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவள். சைவ சமயக்காரி. ஆனால் செவ்வாய்க்கிழமை தவறாமல் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போய் அன்ரனுக்காக மெழுகுதிரி கொளுத்திவிட்டு வருவாள். அவள் என்னைக் குசினிக்குக் கூப்பிட்டாள். திரேசம்மா அந்த நாட்களில் என் கையால் கொடுக்கும் இஞ்சித் தேநீர் ஒன்றைத்தான் குடிப்பார். அதற்குச் சீனி அள்ளிப் போட்டு, பக்கத்தில் மருந்துப் போத்தலை மூடி திறந்து வைத்திருந்தாள்.

“மிஸ், இதுல ஊத்திக் குடுத்துருவோம். இஞ்சிக் காரத்துக்கு ஒண்ணும் தெரியாது. அந்தம்மா கெடந்து தவிக்கிறத என்னால பாக்க முடியல.”

நியாயமான பேச்சு. டொக்டர் எப்படியாவது என்றுதானே சொன்னார். சகோதரியும் இல்லை, கேட்க ஆள் இல்லை. போத்தலைக் கையில் எடுத்தேன். தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து திரேசம்மாவின் முனகல் கேட்டுக்கொண்டே இருந்தது. ஊற்றினால் அரை மணித்தியாலத்தில் அது நின்றுவிடும்.

நான் ஊற்றவில்லை. ஏன் என்று அப்போது எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இப்போது கொஞ்சம் சொல்லலாம். கடலில் கணவன் போனான், ஊர் போனது, உடம்பு போனது, கடைசியாக மகனையும் கொண்டுபோய்விட்டார்கள். அவனுக்குக் கொடுக்க அந்தத் தாயின் கையில் மிஞ்சியிருந்தது அந்த வலி ஒன்றுதான். அவர் நினைத்தது பிழையாக இருக்கலாம். ஆண்டவர் வலியை வாங்கிக்கொண்டு பிள்ளையை விடுகிறவர் அல்ல என்றுதான் நானும் நம்புகிறேன். ஆனாலும் அவர் என் கையால் வருவதைக் கண்ணை மூடிக்கொண்டு குடிக்கிறவர். அந்தக் கையாலேயே அவரிடம் மிஞ்சியிருப்பதைக் களவெடுப்பதா? வெறும் தேநீரைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். லெட்சுமிக்குக் கோபம் வந்துவிட்டது.

“நீங்களும் ஒங்க சாமியும். ரெண்டு பேருக்கும் எரக்கமே இல்ல” என்று சொல்லிவிட்டுத் தேங்காயைத் துருவத் தொடங்கினாள். அதற்குப் பிறகு என்னோடு கதைக்கவில்லை. அவள் சொன்னது சரியோ என்று எனக்கும் பயம்தான். வெள்ளிக்கிழமை வரை அவர் முனகிய ஒவ்வொரு தடவையும், இது நான் செய்தது என்று நினைத்தேன். சரியான முடிவை எடுத்தால் மனம் அமைதியாகும் என்று யாராவது உங்களுக்குச் சொன்னால் நம்பாதீர்கள்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் விடுதியில் சிலுவைப்பாதை செய்வோம். ஆண்டவர் சிலுவை சுமந்து போனதைக் காட்டி நடைவழிச் சுவரில் மாட்டியிருக்கும் படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்தப் பழைய படங்கள்தான். ஒவ்வொன்றின் முன்னும் நின்று செபித்து, பாட்டுப் பாடி அடுத்ததற்குப் போக வேண்டும். தானும் வருவேன் என்று திரேசம்மா பிடிவாதம் பிடித்தார். சக்கர நாற்காலியில் உட்கார முடியாது, நடந்துதான் வருவேன் என்றார். ஒரு பக்கம் நான் பிடித்தேன். மறுபக்கம் பிடிக்க ஆள் இல்லாமல் லெட்சுமியைக் கூப்பிட்டேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வந்தாள். ஆனால் பிடித்த பிடி பூப் போல இருந்தது.

ஐந்தாவது படத்தடியில் திரேசம்மாவுக்கு மேலே போக முடியவில்லை. சுவரில் கையை ஊன்றி நின்றுவிட்டார். மற்றவர்கள் பாடிக்கொண்டு அடுத்ததற்குப் போய்விட்டார்கள். நாங்கள் மூன்று பேரும் அந்தப் படத்துக்கு முன்னால் நின்றோம். ஆண்டவருடைய சிலுவையை இன்னொரு மனிதர் பின்னால் பிடித்துத் தூக்குகிற படம். லெட்சுமி அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். என்னோடு கோபம் என்றபடியால் திரேசம்மாவிடம் கேட்டாள்.

“இவரு யாரும்மா? சாமிக்குச் சொந்தக்காரரா?”

“இல்லைப் பிள்ளை. சீமோன். அவர் தன்ர பாட்டிலை வயலிலையிருந்து வந்தவர்.” மூச்சு வாங்கி வாங்கித்தான் சொன்னார். “ஆமிக்காரர் ரோட்டிலை மறிச்சு, நீ தூக்கு எண்டு பிடிச்சு விட்டவங்கள்.”

“அடப் பாவமே. ஒரு குத்தமும் பண்ணாதவர.”

“ஓம். ஒரு குற்றமும் செய்யேல்லை.”

அன்ரனின் நினைவு வந்திருக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டார். லெட்சுமி விடவில்லை. அவளுக்கு உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

“அதுக்கு சாமி ஒண்ணும் சொல்லலியா? இது என்னோடது, நானே தூக்கிக்கிறேன், நீ போன்னு?”

திரேசம்மா கண்ணைத் திறந்து படத்தைப் பார்த்தார். பிறந்த நாளிலிருந்து எத்தனை தவக்காலம் அந்தப் படத்துக்கு முன்னால் முழங்காலில் நின்றிருப்பார். அன்றைக்குத்தான் முதல்முதல் பார்ப்பவர் போலப் பார்த்தார். பார்த்தீங்களா அக்கா, ஆண்டவரே உதவியை வாங்கினவர், நீங்க வாங்கினால் என்ன என்று கேட்க வேண்டும் போல எனக்கு இருந்தது. வழக்கம் போலக் கூச்சம் வாயைக் கட்டிவிட்டது. என் வாழ்க்கையில் அந்தக் கூச்சத்துக்கு நான் நன்றி சொன்னது அந்த ஒரு தடவைதான்.

“இல்லை,” என்றார் திரேசம்மா கடைசியில். “ஒண்டும் சொல்லேல்லை. தூக்க விட்டவர்.”

பிறகு எங்கள் இருவரையும் பிடித்துக்கொண்டு அடுத்த படத்துக்கு நடந்தார். அதற்கடுத்ததற்கும் நடந்தார். எல்லாரும் போன பிறகும் நாங்கள் மூன்று பேரும் ஒவ்வொன்றாக முடித்தோம். லெட்சுமி ஒவ்வொரு படத்துக்கும் ஒரு கேள்வி வைத்திருந்தாள். கட்டிலில் படுக்க வைத்ததும் திரேசம்மா என் கையைப் பிடித்தார்.

“தங்கச்சி, அந்த மருந்தைக் கொண்டாங்கோ. என்ர பெடியனுக்காகத்தான் குடிக்கிறன். வேண்டாமெண்டு சொல்லுறது எனக்கு லேசாய்த்தான் இருந்தது. குடிக்கிறதுதான் பாரமாய்க் கிடக்கு. அதை ஒப்புக்குடுக்கிறன்.”

கரண்டியில் ஊற்றிக் கொடுத்தேன். அவர் குடித்தார். கசப்புக்கு முகத்தைச் சுளித்தார். லெட்சுமி வாசலில் நின்று, “தேத்தண்ணி போடவா மிஸ்?” என்று கேட்டாள். அதோடு எங்கள் கோபமும் முடிந்தது.

அன்ரன் உடனே வந்துவிடவில்லை. அப்படி நினைத்துவிடாதீர்கள். அந்தத் தவக்காலம் முடிந்து, பாஸ்காத் திருநாளும் முடிந்து, மழைக்காலம் வந்தது. திரேசம்மா கடைசி வரை மருந்தைக் குடித்தார். நோய் கூடினாலும் வலி மருந்துக்கு அடங்கி இருந்தது. சாப்பிட்டார், மற்றவர்களோடு செபமாலை சொன்னார், பகிடி கூட விட்டார். மகனுக்காகச் செபிப்பதை ஒருநாளும் நிறுத்தவில்லை. ஆனால் ஆண்டவரோடு பேரம் பேசுகிற அந்தக் குரல் போய்விட்டிருந்தது. ஒரு காலை நான் முகம் துடைத்துக்கொண்டிருக்கும்போது அமைதியாகப் போனார். யுத்தத்தால் மன்னாருக்குக் கொண்டுபோகப் பாதை திறந்திருக்கவில்லை. கொழும்பில்தான் அடக்கம் செய்தோம்.

அதற்குப் பல மாதம் கழித்து அன்ரன் வந்தான். வழக்கு ஒன்றும் இல்லை என்று விட்டிருந்தார்கள். நல்ல மெலிவு. இடது கை சரியாக மடங்கவில்லை. பங்குத் தந்தை பிறகு அவன் இருந்த இடத்தை அறிந்து எழுதியதால், தாய் போன செய்தி உள்ளே இருக்கும்போதே அவனுக்குத் தெரிந்திருந்தது. லெட்சுமி சோறு போட்டாள். சாப்பிடாமல் தாய் படுத்திருந்த கட்டிலில் போய் இருந்தான். அந்தக் கட்டில் அன்றைக்கு ஆளில்லாமல் இருந்தது. என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

“அன்ரி, அம்மா வலியோடையோ போனவா?”

“இல்லைத் தம்பி,” என்றேன். “கடைசியிலை வலி இருக்கேல்லை. மருந்து குடிச்சவா.”

நான் சொன்னது முழு உண்மை. அதைச் சொல்ல முடிந்ததே எனக்குப் போதும் என்று நினைத்தேன். அவன் மடங்காத கையை மற்றக் கையால் தடவிக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னான்.

“உள்ளுக்கை அடி விழேக்கை ஆண்டவரிட்டை ஒண்டைத்தான் கேட்டனான். இதை எடுத்துக்கொண்டு அம்மாவின்ரை வலியைக் குறைச்சு விடும் எண்டு.”

மகன் அங்கே தாயின் வலி குறைய வேண்டும் என்று தன் வலியைக் கொடுத்துக்கொண்டிருக்க, தாய் இங்கே அந்த வலியை விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறார். அன்றைக்கு அந்தப் படத்தடியில் நடந்திராவிட்டால், அவன் அனுப்பியதை இவர் கடைசி வரை திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்திருப்பார்.

ஆண்டவர் எதற்கு எதைக் கொடுத்தார் என்று என்னால் சொல்ல முடியாது. அந்தப் பிள்ளை வாங்கிய அடிக்கு நல்ல அர்த்தம் ஒன்று கண்டுபிடித்துச் சொல்லவும் நான் ஆள் இல்லை. அடித்தவர்கள் செய்தது பாவம்தான், அது பாவமாகவே இருக்கட்டும். ஆனால் அந்த இரண்டு பேரும் தங்களுக்கு வந்த துன்பத்தை வீணாகப் போக விடவில்லை. ஒருவருக்கொருவர் கொடுக்க வேண்டியதை அதற்குள்ளிருந்தே எடுத்துக்கொண்டார்கள். அதை யாரும் அவர்களுக்குப் படிப்பிக்கவில்லை. என் வேலை கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு படத்தடியில் நின்றதுதான். அடுத்த படத்துக்குப் போவோமா என்று அவசரப்படுத்தாமல் இருந்ததுதான். உங்களிடம் யாராவது ஏன் என்று கேட்டால், பதில் தெரியாவிட்டால் வெட்கப்படாதீர்கள். பிடித்த கையை மட்டும் விட்டுவிட வேண்டாம்.

அன்ரன் அன்றிரவு விடுதியில் தங்கினான். மறுநாள் காலை லெட்சுமி கட்டிக் கொடுத்த சாப்பாட்டோடு மருதானையில் வடக்கே போகும் ரயிலில் ஏறினான். நான் திரேசம்மாவின் அந்தக் கட்டிலின் விரிப்பை மாற்றினேன். பத்து மணி போல வவுனியாவிலிருந்து ஒரு அம்மா வந்து அதில் படுத்தார்.